பழைய கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் ஏற மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது

பசைவாளி

வணக்கம். திருமங்கலம் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. இப்போது ஜல்லிக்கட்டு வாழ்த்து போஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பொங்கல் முடிந்த கையோடு தை முகூர்த்தம் வரிசையாக வந்து நிற்கும்.

கடையில் இருக்கும் பெட்டி 2010இல் வாங்கியது. கோர் 2 டுவோ இ7500, ஜி31 போர்டு, டிடிஆர் 2 ராம் 2 ஜிபி வீதம் இரண்டு, விண்டோஸ் 7 (32 பிட்). பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7 அதில்தான் இருக்கிறது. பதினைந்து வருடப் பத்திரிகை எல்லாம் அதற்குள்தான்.

இப்போது யாரும் மேட்டரைக் கையால் எழுதிக்கொண்டு வருவதில்லை. வாட்ஸ்அப்பில் வேர்டு ஃபைல் அனுப்புகிறார்கள், என்னிடம் இருக்கும் பழைய வேர்டில் திறந்தால் பாதி கட்டம் கட்டமாக வருகிறது. சரி, இலவசமாகக் கிடைக்கிறதே என்று லிப்ரே ஆபீஸ் போடப் போனேன். புதிய 25.8 ஏறவே இல்லை. ஒரு தம்பி சொன்னான் என்று பழைய 24.8, 32 பிட், இறக்கினேன். முதல் தடவை பாதியில் 'கேப் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது, பிழை 1335' என்றது. மறுபடி போட்டேன், முக்கால்வாசி போய் ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை நீலத் திரை. வேறு பென் டிரைவ், வேறு நெட், எல்லாம் பார்த்தாயிற்று.

சர்வீஸ் பார்க்கிறவர் ஒருவர் வந்து பெட்டியைத் திறக்காமலே 'போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க, இருபத்திரண்டாயிரம் ஆகும்' என்று சொல்லிவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பேஜ்மேக்கர் நன்றாகத்தானே ஓடுகிறது, போர்டு எப்படிப் போயிருக்கும்?

ஜிகர்தண்டா 2ஜிபி

அண்ணே, 2010 பெட்டியா? பழைய இரும்புக்குப் போட்டால் பேரீச்சம்பழம் கிடைக்கும். விண்டோஸ் 10 போட்டுப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

யூனிகோடு அக்கா

ஜிகர்தண்டா தம்பி, விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 அந்தப் பெட்டியில் நடக்காது, 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத செயலியில் பூட்டே ஆகாது, கோர் 2 டுவோவில் அது கிடையாது. சும்மா எதையாவது சொல்லாதீர்கள்.

பசைவாளி அண்ணா, 25.8 ஏறாததில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள். உங்களுக்கு 24.8 சரியான பதிப்புதான், தம்பி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, விண்டோஸ் 7இல் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா? அது இல்லாமல் கேபி2999226 என்ற அப்டேட் ஏறாது, அந்த அப்டேட் இல்லாவிட்டால் புதிய சாஃப்ட்வேர் பாதிப்பேர் 'சிஆர்டி ரன்டைம் காணோம்' என்று நின்றுவிடுவார்கள். இரண்டு, தேதி சரியாக இருக்கிறதா? இந்த வயது பெட்டிகளில் தேதியைக் காக்கிற சீமாஸ் பேட்டரி செத்து, மின்சாரம் போய் வந்தால் தேதி பின்னால் ஓடிவிடும். அப்புறம் சாஃப்ட்வேரின் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனையில் எல்லாம் சிக்கல்தான். முப்பது நாற்பது ரூபாய் பட்டன் பேட்டரி, மாற்றினால் தீர்ந்தது.

பசைவாளி

அக்கா, சர்வீஸ் பேக் 1 இருக்கிறது. அந்த அப்டேட்டைப் போடப் போனால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்கிறது. தேதியும் சரி, பேட்டரி போன வருடம்தான் மாற்றினேன்.

அரியர் நான்கு

அண்ணா, நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். எனக்கு இதே மாதிரி நடந்தது. வீட்டில் இருக்கும் பழைய பெட்டியில் புராஜெக்டுக்காக டென்சர்ஃப்ளோ என்ற மெஷின் லேர்னிங் சாஃப்ட்வேர் போட்டேன், போட்டதெல்லாம் சரியாக ஏறியது, இம்போர்ட் என்று ஒரு வரி அடித்த உடனே செத்துவிடும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, 1.6 பதிப்பிலிருந்து அவர்கள் தருகிற ரெடிமேட் ஃபைல் ஏவிஎக்ஸ் கட்டளைகளோடு வருகிறது. இன்டெலில் ஏவிஎக்ஸ் 2011 சாண்டி பிரிட்ஜில்தான் வந்தது. உங்கள் இ7500 அதற்கு முந்திய ஆள். செயலிக்குத் தெரியாத கட்டளை வந்தால் அந்த இடத்திலேயே விழும். உங்களுக்கும் அதுதானோ?

ஸ்குரூடிரைவர்

தம்பி சொன்ன விஷயம் சரி, ஆனால் இந்தப் பெட்டிக்கு அது இல்லை. நான் முப்பது வருடமாகப் பெட்டி திறந்து மூடுகிற ஆள், சிம்மக்கல்லில் கடை இருந்தது, இப்போது வீட்டோடு இருக்கிறேன்.

பசைவாளி தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது, தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம். செயலிக்குக் கட்டளை தெரியவில்லை என்றால், ஒரு டிஎல்எல் ஃபைல் காணோம் என்றால், பதிப்பு ஒத்துவரவில்லை என்றால் அது நூறு தடவை போட்டாலும் அதே படியில்தான் தடுக்கி விழும். அரியர் தம்பிக்கு நடந்தது அப்படித்தான், அடித்த உடனே, ஒவ்வொரு முறையும். உங்களுக்குப் பாதியில் ஒன்று, முக்காலில் ஒன்று, நீலத் திரை ஒன்று. இப்படி இடம் மாறி மாறி விழுந்தால் நான் சாஃப்ட்வேரைப் பார்க்கவே மாட்டேன். ராம், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை, சூடு, இந்த நான்கில் ஒன்று.

பேஜ்மேக்கர் ஓடுகிறதே என்கிறீர்கள். அது 2001 காலத்துச் சாமான், அதற்கு எவ்வளவு ராம் வேண்டும்? வீட்டில் பத்து அறை இருந்து இரண்டில் மட்டும் புழங்கினால் எட்டாவது அறையில் ஓடு ஒழுகுவது தெரியாது. முந்நூறு எம்பிக்கு மேல் இருக்கிற ஒரு ஃபைலைப் பிரித்து விரிக்கும்போதுதான் எல்லா அறைக்கும் ஆள் போகும்.

1335 என்கிற பிழையைப் பார்த்தால் எல்லோரும் டவுன்லோடு கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி இறக்குவார்கள். ஃபைல் நன்றாக இருந்து அதைப் படிக்கிற ராம் கெட்டிருந்தாலும் விண்டோஸ் அதே வார்த்தையைத்தான் சொல்லும்.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். கட்டளை ஜன்னலைத் திறந்து செர்ட்யூடில், ஹாஷ்ஃபைல், ஃபைல் பெயர், ஷா256 என்று கொடுங்கள் (எப்படி அடிப்பது என்று அரியர் தம்பி சொல்லிக்கொடுப்பார்). 64 எழுத்தில் ஒரு எண் வரும், விண்டோஸ் 7இல் இரண்டிரண்டாக இடைவெளி விட்டு வரும். அது ஃபைலின் கைரேகை மாதிரி, ஃபைல் மாறாதவரை அதுவும் மாறக் கூடாது. எழுதி வையுங்கள். பெட்டியை அணைத்துப் போட்டு மறுபடி அதே ஃபைலுக்கு அதே கட்டளை. அணைக்காமல் அடுத்தடுத்து கொடுக்காதீர்கள், முதல் தடவை ராமில் ஏற்றி வைத்ததையே திருப்பிப் படித்து அதே தப்பை அப்படியே சொல்லும். நான்கு தடவை செய்யுங்கள். லிப்ரே ஆபீஸ் தளத்திலும் அந்த ஃபைலுக்குரிய எண்ணைப் போட்டிருப்பார்கள், ஒத்துப் பாருங்கள்.

பசைவாளி

அண்ணே, கை நடுங்குகிறது. நான்கு தடவை செய்தேன். இரண்டு தடவை தளத்தில் உள்ள எண்ணே வந்தது. மற்ற இரண்டும் வேறு, அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று வேறு! ஃபைலை நான் தொடவே இல்லை. பத்திரிகை கவரின் பின்பக்கத்தில் நான்கு வரியையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதி என் மனைவியை விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன், அவர் 'இது என்ன ஜாதகமா' என்கிறார்.

ஸ்குரூடிரைவர்

நல்லது. இறக்கிய ஃபைல் சுத்தம் என்று தெரிந்துவிட்டது, அந்த இரண்டு தடவை சரியான எண் வந்ததே அதற்குச் சாட்சி. படிக்கிற கண்தான் கோளாறு.

முக்கியமாக ஒன்று. இந்த நிமிடத்திலிருந்து அந்தப் பெட்டியில் எந்தப் பழைய பத்திரிகையையும் திறந்து சேவ் செய்யாதீர்கள், பேக்கப் எடுக்கிறேன் என்று காப்பியும் செய்யாதீர்கள். கெட்ட ராம் வழியாகப் போகிற காப்பி கெட்ட காப்பியாகப் போகலாம், அதுவும் நல்ல காப்பியின் மேலேயே உட்காரும். பேக்கப் அவசரம் என்றால் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள்.

அப்புறம் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ என்ற சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் கோளாறுதான், 'ஒன்றே ஒன்றுதானே' என்ற பேச்சே கிடையாது. விண்டோஸ் 7இலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, அதில் எஃப்1 அழுத்தி விரிவான சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எனக்கு மெம்டெஸ்ட்தான் நம்பிக்கை.

மேலூர்க் காற்று

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? லினக்ஸ் போட்டுவிட்டு, பேஜ்மேக்கர் மாதிரியே பக்கம் வடிவமைக்கிற ஸ்கிரைபஸுக்கு மாறலாமே. 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது, முன்பு மாதிரி தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்காது. நான் ஒரு சின்னப் பத்திரிகையையே அதில் வடிவமைக்கிறேன்.

ஸ்குரூடிரைவர்

ராம் கெட்ட பெட்டியில் லினக்ஸ் போட்டால் லினக்ஸும்தான் விழும். முதலில் ஓட்டை அடைப்போம், அப்புறம் வெள்ளை அடிப்போம்.

பசைவாளி

மேலூர் நண்பரே, சொல்வது புரிகிறது. ஆனால் என் பழைய ஃபைல் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. எழுத்துருவை எடுத்துவிட்டால் மணமக்கள் பெயர் இங்கிலீஷ் குப்பையாகத் தெரியும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. நம் ஊர்ப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள், தாய்மாமன், அத்தை, சித்தப்பா, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று இரண்டு பக்கம் பெயர் போகும். அண்ணன் கல்யாணத்துக்கு அடித்தவர் ஐந்து வருடம் கழித்துத் தம்பி கல்யாணத்துக்கு வந்து 'அதே மாதிரி போடுங்க' என்பார். மாப்பிள்ளை பெண் பெயரையும் தேதியையும் மாற்றினால் அரை மணி நேர வேலை. அதை விட்டுவிட்டு எப்படி மாறுவது?

யூனிகோடு அக்கா

மாற்றி இருக்கிறார்கள் அண்ணா, நானே ஆய்வேடு டைப் அடிக்கும்போது பாமினியை யூனிகோடாக மாற்றித்தான் கொடுக்கிறேன். ஆனால் பேஜ்மேக்கரின் வடிவமைப்பு அப்படியே வராது, எழுத்து மட்டும்தான் வரும். முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் தொட வேண்டாம். ஆடியில் கடை காற்று வாங்கும்போது ஆரம்பியுங்கள்.

பசைவாளி

முந்தாநாள் இரவு பெட்டியை மெம்டெஸ்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் திரை முழுக்கச் சிவப்பு. ஸ்குரூடிரைவர் அண்ணனுக்குப் போன் அடித்தேன் (எண் கொடுத்ததற்கு நன்றி அண்ணே), ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

முதல் ராம், முதல் ஸ்லாட், சுத்தம். இரண்டாவது ராம், முதல் ஸ்லாட், அதுவும் சுத்தம். இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் சிவப்பு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, நேற்றுப் பகல் முழுக்க இதிலேயே போய்விட்டது, போஸ்டர் வேலையை எல்லாம் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவிட்டேன்.

அப்புறம் டார்ச் அடித்து அந்த ஸ்லாட்டைப் பார்த்தேன். எங்கள் கடையில் பத்திரிகைக்குத் தங்க ஃபாயில் அழுத்துகிற மிஷின் கம்ப்யூட்டருக்கு நாலடி தள்ளித்தான் இருக்கிறது. வெயிலுக்குப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவைத்து மேஜை ஃபேனை அதற்குள் திருப்பிவிட்டிருப்பேன், மூன்று வருடமாக அப்படித்தான். ஸ்லாட்டின் உள்ளே, தங்க நிறப் பற்களுக்கு நடுவில், தங்க ஃபாயில் துணுக்கு ஒன்று. அரிசியில் கால்வாசி இருக்கும். முதலில் அதுவும் ஒரு பல் என்றே நினைத்தேன், டார்ச்சைச் சாய்த்தபோதுதான் அது மட்டும் தனியாக மினுங்கியது. பிள்ளையார் தும்பிக்கையின் நுனியாக இருக்க வேண்டும், அப்படித்தான் வளைந்திருந்தது. சுற்றிலும் பேப்பர் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது.

ஜிகர்தண்டா 2ஜிபி

பிள்ளையார் பிடிக்கப் போய் ராம் கெட்ட கதை. அண்ணே, பேரீச்சம்பழம் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூடிரைவர்

ஃபாயில்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன் தம்பி. அது இரண்டு பல்லை நேராகச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் பெட்டி பூட்டே ஆகியிருக்காது. தூசியும் மார்கழி ஈரமும் சேர்ந்து பற்களில் படிந்திருப்பதுதான் அதிகம் நடக்கிற விஷயம். எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கையால் கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஸ்லாட்டைப் புது பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தள்ளுங்கள், ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ராமின் தங்கப் பற்களை வெள்ளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள், மை அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், அது பூச்சையே உரித்துவிடும். தேய்த்த தூளைத் துணியால் துடைத்துவிட்டு விரல் படாமல் மாட்டுங்கள், இரண்டு பக்கக் கொண்டியும் டக் என்று விழ வேண்டும். அப்படியே போர்டில் கபாசிட்டர் தலை ஏதாவது உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மறுபடி மெம்டெஸ்ட் ஒரு முழு இரவு. அதற்கும் சிவப்பு வந்தால் அந்த ஸ்லாட்டை மறந்துவிட்டு 2 ஜிபியோடு ஓட்டுங்கள், உங்கள் வேலைக்கு அது போதும்.

பக்க மூடியையும் மாட்டுங்கள். மூடி போட்டால்தான் காற்று முன்னால் புகுந்து பின்னால் போகும்.

பசைவாளி

இரவு முழுக்க ஓடி நான்கு சுற்று முடிந்தது, ஒரு சிவப்பு கிடையாது. கபாசிட்டர் எல்லாம் தட்டையாகத்தான் இருக்கிறது. ஹாஷ் ஐந்து தடவை பார்த்தேன், ஐந்தும் ஒன்று. லிப்ரே ஆபீஸ் 24.8 ஒரே மூச்சில் ஏறிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலைத் திறந்தேன், 'சௌபாக்கியவதி' முதல் 'ஸ்ரீ' வரைக்கும் ஓர் எழுத்து உடையவில்லை. சர்வீஸ்காரர் சொன்ன இருபத்திரண்டாயிரத்தில் செலவானது பிரஷ் நாற்பது, ரப்பர் ஐந்து.

அண்ணே, கடைப்பக்கம் வந்தால் ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போக வேண்டும்.

அரியர் நான்கு

சூப்பர் அண்ணா. ஆனால் அந்தப் பெட்டியில் நெட்டை மட்டும் பிடுங்கி விடுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓடு ஆதரவு நின்றுவிட்டது, குரோமும் 109ஓடு நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பைப் போனில் இறக்கி, கேபிளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

யூனிகோடு அக்கா

பசைவாளி அண்ணா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ராம் எப்போதிலிருந்து இப்படி இருந்தது என்று தெரியாதில்லையா. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் சேவ் செய்த பேஜ்மேக்கர் ஃபைல்களை எல்லாம் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டீர்களா? பத்திரிகை கொடுக்கிற நாளில் தெரிந்தால் கஷ்டம்.

பசைவாளி

அக்கா சொன்ன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஐப்பசியிலிருந்து மொத்தம் அறுபத்து மூன்று ஃபைல். அறுபத்திரண்டு நன்றாகத் திறக்கிறது. ஒன்று மட்டும் திறக்கவே இல்லை, தை 20 முகூர்த்தம், உசிலம்பட்டி பார்ட்டி, இரண்டு பக்கம் முழுக்கப் பெயர். நல்ல வேளை, அவர்கள் திருத்தம் போட்டுக் கொடுத்த புரூஃப் தாள் டிராயரில் இருக்கிறது, ஓரத்தில் 'பெரியப்பா பெயர் முதலில் வர வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் தாய்மாமன் வரிசைக்கு வந்திருக்கிறேன், பதினோரு பேர்.